இழுத்துப் பிடித்த மூச்சு

எங்கள் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், பழைய எக்ஸ்ரே பிலிம்களை அடுக்கி வைத்திருந்த அறைக்குள் யாரும் விரும்பிப் போகமாட்டார்கள். பிலிம் கழுவும் ஹைப்போ மருந்தும் ஈரச் சுவரும் பூஞ்சையும் கலந்த ஒரு வாடை அங்கே எப்போதும் இருக்கும். கோத்தகிரிப் பக்கத்து மூடுபனி வருடத்தில் பாதி நாள் ஜன்னலை ஒட்டியே நிற்பதால் காகித உறைகள் காய்வதே இல்லை. உறையிலிருந்து ஒரு பிலிமை உருவினால் அது தகரம் போல நடுங்கி, எங்கோ தூரத்தில் இடி இடிப்பது மாதிரி ஒரு சத்தம் எழுப்பும். கூட்டிப் பெருக்க வரும் அம்மாள் வாசலோடு நின்றுவிடுவார்.

"உள்ள போனா முதுகுக்குப் பின்னால ஆரோ வரிசையா நிக்கிற மாதிரி இருக்குதுங்க" என்பார்.

நான் சிரித்ததில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் அங்கே எக்ஸ்ரே டெக்னீஷியன். என் அப்பா மேட்டுப்பாளையத்திலிருந்து மலைக்கு வந்து மளிகைக்கடை வைத்தவர். நான் கோவையில் படித்துவிட்டு இருபத்துச் சொச்சம் வயதில் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். சுற்றிலும் உள்ள எஸ்டேட் ஜனங்களுக்கான சின்ன ஆஸ்பத்திரி. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். அந்த அறையில் இருந்த பிலிம்களில் பெரும்பாலானவை நான் எடுத்தவை. அவற்றில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் இப்போது இல்லை.

சில வருடங்களுக்கு முன்னால் எங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் விழுகிற மெஷின் வந்தது. டார்க் ரூமை மூடிவிட்டோம். பழைய பிலிம்கள் மட்டும் தங்கிவிட்டன. போன மழைக்காலத்தில் அந்த அறையின் கூரை ஒழுக ஆரம்பித்ததும், பிலிம்களைக் காலிசெய்துவிடலாம் என்று நிர்வாகத்தில் முடிவெடுத்தார்கள். பிலிமில் பூசியிருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்கிறவர்கள் கோவையில் இருக்கிறார்கள். அவர்கள் வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். அதற்குமுன் எல்லாவற்றையும் உறையிலிருந்து உருவிக் கட்டி வைக்கும் வேலை எனக்கு.

கோவையில் படிக்கும்போது எங்கள் முதல் வகுப்பே இந்தக் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட கதைதான். 1895-ஆம் வருடக் கடைசி. ஜெர்மனியில் ஒரு பேராசிரியர், இருட்டறையில், காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரத்தைப் பாய்ச்சிக்கொண்டிருந்தார். குழாயைக் கறுப்புக் காகிதத்தால் மூடியிருந்தார். ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே வர வழியில்லை. ஆனாலும் சற்றுத் தள்ளிக் கிடந்த, ரசாயனம் பூசிய திரை ஒன்று மினுங்கியது. அந்தக் கதிர் எதையெல்லாம் துளைத்துப் போகிறது என்று பல வாரங்கள் தனியாகவே பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு அவர் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளும், எலும்பைச் சுற்றித் தொங்கும் மோதிரமும் விழுந்தன. அந்த அம்மாளுக்குச் சந்தோஷமில்லையாம். தன் சாவையே முன்கூட்டிப் பார்த்துவிட்டது போலப் பயந்துபோனாராம்.

வகுப்பில் அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். பிறகு எக்ஸ்ரே அறையில் வேலை செய்யச் செய்ய, அந்த அம்மாளுடைய பயம்தான் சரியான பயம் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஆரம்ப நாட்களில் இந்தக் கதிரோடு வேலை செய்தவர்களுக்கு அதன் தீங்கு தெரியாது. விரல்கள் புண்ணாகி, வெட்டியெடுத்து, கடைசியில் உயிரையும் விட்டவர்கள் உண்டு.

அந்தக் காலத்தைப் பற்றி நான் அதிகம் யோசிப்பேன். ஏறக்குறைய இருபது வருடங்களுக்குள் மனிதர்கள் குரலைப் பிடித்துத் தகரத்தாளிலும் மெழுகிலும் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் முகத்தைப் பிடித்துக்கொள்ளும்படி சுருள் பிலிம் வந்தது. நடப்பதையும் ஓடுவதையும் பிடித்து வைக்க சினிமா வந்தது. எலும்பைப் பிடிக்க எங்கள் கதிர் வந்தது. செத்தவர்களை முழுசாகப் போகவிடக்கூடாது என்று ஒரு தலைமுறையே கங்கணம் கட்டிக்கொண்டது போலிருக்கும். அதே இருபது வருடங்களுக்குச் சற்று முன்பின்னாகத்தான் இந்த மலையில் பாறையை வெடிவைத்துப் பிளந்து குன்னூருக்கு ரயில் பாதை போட்டார்கள். கீழ்நாட்டில் தாது வருடப் பஞ்சத்தில் ஊர் ஊராகச் செத்தார்கள். தப்பியவர்களில் ஒரு கூட்டம் கப்பலேறி இலங்கை மலைகளுக்குப் போய்க் காபித் தோட்டத்திலும், காபிச் செடியை நோய் தின்ற பிறகு தேயிலையிலும் வேலைக்கு நின்றது. அவர்களுடைய குரலை யாரும் மெழுகில் பிடித்து வைக்கவில்லை. முகம் பிடித்து வைக்கப்பட்டவர்களும் பெயரில்லாமல்தான் இருக்கிறார்கள்.

அப்படிக் கப்பலேறியவர்களின் வம்சத்தில் வந்த ஒருவர்தான், நான் பிலிம்களை உருவிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் வாசலில் வந்து நின்றார்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த ஆள். காதை மூடிய கம்பளிக் குல்லா, முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர், மடக்கிய குடை. கீழ் கோத்தகிரியில் ஒரு எஸ்டேட் பேக்டரியில் வேலை செய்கிறவர்.

"மிஸி, பழைய படமெல்லாம் வெளிய அனுப்பப் போறீங்கன்னு சொன்னாங்க. எங்க வீட்டு ஆளோட படம் ஒன்னு இங்க இருக்கும். எடுத்துக் குடுக்க ஏலுமா?"

இலங்கைத் தோட்டங்களில் நர்ஸை 'மிஸி' என்று கூப்பிடுவார்கள். சின்னப் பையனாக, இரு நாட்டு ஒப்பந்தத்தில் அங்கிருந்து திரும்பி வந்தவர் இன்னும் அந்தச் சொல்லை விடவில்லை. நான் நர்ஸ் இல்லை என்று திருத்தத் தோன்றவில்லை.

"இப்ப எங்கீங்க வைத்தியம் பாக்கறீங்க? பழைய படத்தக் கொண்டாரச் சொன்னாங்களா?"

"வைத்தியத்துக்கு இல்ல மிஸி. அவ செத்துப் பதினாறு வருசமாச்சு."

உள்ளே வரச்சொல்லி ஸ்டூலைப் போட்டேன். அவர் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அந்த வருடம் நவம்பரில் மலையே கரைந்து இறங்குவது மாதிரி பெய்த மழை எனக்கும் நினைவிருக்கிறது. ரோடுகள் அறுந்து நாங்கள் தீவு போலக் கிடந்தோம். இவர் பேக்டரியில் ஷிப்டில் இருந்தார். இரண்டு வயது மகள், லயம் என்கிற வரிசை வீடுகளில் மேல் லயத்தில் இருந்த இவருடைய தங்கை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். கீழ் லயத்து வீட்டில் மனைவி மட்டும். விடிவதற்குமுன் மேலே இருந்த மண் மொத்தமாக வழுக்கி வந்து கீழ் லயத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கியது.

"தோண்டினோம் மிஸி. மிலிட்டரி ஆளுங்களும் வந்து தோண்டினாங்க. பக்கத்து வீட்டு ஆளுங்க எல்லாரும் கெடச்சாங்க. அவ மட்டும் கெடைக்கல. ஓடையோட போயிட்டான்னு சொல்லிட்டாங்க."

"போட்டோ ஒன்னுமே இல்லீங்களா?"

"கல்யாணத்துல எடுத்தது ஒன்னு. வீட்டோட போயிருச்சு."

"ஓட்டுப் போடற கார்டு?"

"அவ கூடலூர்ப் பக்கத்துல இருந்து வந்தவ. அங்க இருந்து பேர எடுத்து இங்க சேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தோம்." அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அவ அண்ணன் வீட்டுல ஒரு கல்யாணப் படம் இருக்கு. வரிசையா எல்லாரும் நிக்கிறாங்க. இவ மூஞ்சிக்கு முன்னால ஒரு ஆளு கையத் தூக்கிட்டான். தோளும் கொண்டையும்தான் தெரியுது. ரெண்டு வயசுப் புள்ளையா கப்பல்ல வாரப்ப பாஸ்போட்டுக்கு எடுத்த படம் ஒன்னு. அதுல இருக்கிறது யாரு வேணாலும் இருக்கலாம்."

மழைக்குச் சில மாதங்களுக்கு முன்பு, எஸ்டேட் ஜனங்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை நடந்தது. பெண்களையெல்லாம் லாரியில் ஏற்றி எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து நெஞ்சைப் படம் எடுத்தோம். அதில் அவளும் வந்தாள். அந்தப் பிலிம்தான் அவருக்கு வேண்டியது.

பெரிய டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "எப்படியும் வெளியே போகப்போகுது. சரியான ஆள்தானான்னு பாத்துக் குடுங்க" என்றார்.

சரியான ஆளா என்று பார்ப்பதில்தான் சிக்கல். உறைகளில் மையால் எழுதியது ஈரத்தில் ஊறி நீலக் கறையாகியிருந்தது. படிக்க முடிந்தவற்றிலும், அவர் மனைவியின் பெயர் எங்கள் பக்கத்தில் லயத்துக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். அவரிடம் சொன்னேன். பிறகு அவர் கை தானாகத் தன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போயிற்று.

"இங்க ஒரு முடிச்சு இருக்கும் மிஸி. எடது பக்கம். கப்பல விட்டு எறங்கித் தங்குன மண்டபம் கேம்புல ட்ரங்குப் பொட்டி அடுக்கியிருந்ததுல இருந்து விழுந்துட்டாளாம் சின்னதுல. எலும்பு ஒடிஞ்சு அப்படியே சேந்துக்கிச்சு. தடவினா கையில படும்."

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. விரல் மட்டும் தன் காறை எலும்பின் மேல் ஒரே இடத்தில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. அந்த விரலுக்கு அந்த மேடு இன்னும் தெரிகிறது என்று நினைத்தேன். என் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து வேலை முடிந்த பிற்பகல்களில் தேட ஆரம்பித்தேன். பிலிம்களை ஒவ்வொன்றாக வெளிச்சப் பெட்டியில் செருகிப் பார்ப்பேன். நெஞ்சு நெஞ்சாக வந்துகொண்டே இருக்கும். எல்லோரும் ஒரே மாதிரி நின்றிருந்தார்கள். மோவாயைத் தூக்கி, இடுப்பில் கைவைத்து, முழங்கையை முன்னால் தள்ளி, நான் சொன்னபடி. ஒருத்தருக்கும் முகம் கிடையாது. தாடை எலும்பின் கீழ்விளிம்பு வரைதான் படம். வீட்டுக்குப் போன பிறகும், காற்றில் எதிர்வீட்டுத் தகரம் ஆடினால் யாரோ பிலிமை உருவுகிற சத்தமாகவே கேட்டது. தங்கை போனில் கேட்டாள், குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று. சளி என்று சொன்னேன்.

ஒரு நாள் வெளிச்சப் பெட்டியில் வைத்த ஒன்றில் இடது காறை எலும்பு நடுவில் தடித்து, ஒரு முனை மற்றொன்றின் மேல் ஏறி ஒட்டியிருந்தது. சின்ன வயதில் முறிந்து, கட்டுப் போடாமல் தானே சேர்ந்த எலும்பு. அடிப்பக்கத்தில், ரவிக்கையில் கழற்ற மறந்த ஒரு ஊக்கு வெள்ளையாக விழுந்திருந்தது. உறையில் பெயரின் பாதியும் எஸ்டேட்டின் பெயரும் மிஞ்சியிருந்தன.

அவருக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாளே வந்தார். குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளிச்சப் பெட்டியின் முன்னால் நின்றார். நான் எந்த இடம் என்று காட்டவில்லை. அவரே கண்டுபிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினார். பிறகு கண்ணைத் திறந்து, குழந்தை மாதிரி என்னைப் பார்த்தார்.

"மேடு இல்லையே மிஸி. வழுவழுன்னு இருக்கே."

"படம்தானுங்களே" என்றேன்.

"ஆமா. படம்தானே." திரும்பவும் பார்த்தார். "அவதான். அவளுக்கு அப்ப என்ன நோய் இருந்துச்சு?"

"ஒன்னுமே இல்லீங்க. நெஞ்சு சுத்தமா இருக்குது. நல்ல ஆரோக்கியம்."

அதைக் கேட்டபோதுதான் அவர் அழுதார். நோய் இருந்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பாரோ என்னவோ. நான் பிலிமைப் பழைய உறையிலிருந்து எடுத்துப் புது உறையில் போட்டுக் கொடுத்தேன். ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துப் பட்டன் போட்டுக்கொண்டு போனார். மழை இல்லை. ஆனாலும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு போனது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பொங்கல் கழிந்து இரண்டு நாளில் அவருடைய மகள் வந்தாள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிற பெண். பதினெட்டு வயது. சுடிதாரும் ஜெர்கினும். கையில் செய்தித்தாளில் சுருட்டிய பிலிம். அவள் யாரென்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மேடம், இத எங்கப்பாகிட்ட நீங்கதான் குடுத்தீங்களா?"

"ஆமாங்க கண்ணு."

"லீவுக்கு ஊட்டுக்கு வந்தா ஜன்னல்ல மாட்டி வெச்சிருக்காரு. காலைல எந்திரிச்சா எலும்பு. வெளிய மிஸ்ட் வந்துருச்சுன்னா ஜன்னல் பூரா வெள்ளையாகிடுது, இது மட்டும் தனியா நிக்குது. நான் அத்தை ஊட்டுல போய்ப் படுத்துக்கறேன். பொணத்த ஊட்டுக்குள்ள வெச்சிருக்கற மாதிரி இருக்குதுங்க மேடம்."

குரல் உயர்ந்திருந்தது. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"அப்பா எதுக்கு இதக் கேட்டு வாங்கினாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். "தை அமாவாசைக்கு மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுபோய் பவானியில விடப் போறாராம். அம்மாவுக்கு எதுவுமே செய்யலயாம். செய்யறதுக்கு எலும்பு கெடைக்கலயாம். அதனால இது. விடட்டும். எனக்கு அதுவே போதும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் தேடி வந்தது அஸ்தியை. நானோ போட்டோ கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோபம் தணிந்ததும் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. செய்தித்தாள் சுருளை மடியில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, வேறு ஆள் மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், இத எடுத்தது நீங்கதானுங்களா?"

"நான்தான்."

"அப்ப நீங்க எங்கம்மாவப் பாத்திருக்கீங்க."

"பாத்திருக்கேன்."

"மூஞ்சி எப்படி இருக்கும்? அப்பாகிட்ட கேட்டா, உன்ன மாதிரிதான்னு சொல்றாரு. அத்தை, அப்படியொன்னும் இல்லங்கறாங்க. எனக்கு ஆருமே சரியா சொல்றதில்ல."

அன்று லாரியில் வந்து இறங்கிய பெண்களின் கூட்டம் நினைவிருந்தது. ஈரச் சாக்கு வாடையும், தலையில் கட்டிய துண்டுகளும், கூச்சத்தில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்ததும் நினைவிருந்தது. ஒரு முகமும் நினைவில் இல்லை. எவ்வளவு முயன்றும் இல்லை. பொய் சொல்லியிருக்கலாம். நல்ல சிவப்பு, பெரிய கண் என்று ஏதாவது. அந்தப் பெண் அதை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொண்டிருப்பாள்.

"எனக்கு ஞாபகமில்லீங்க கண்ணு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து போகப் போனாள். அவளை அப்படி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"அதக் குடு. எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்."

பிலிமை வாங்கி வெளிச்சப் பெட்டியில் செருகி ஸ்விட்சைப் போட்டேன். அவள் முதலில் பார்க்கவில்லை. பிறகு பார்த்தாள்.

"இது உங்கம்மா சின்னதுல விழுந்து எலும்பு ஒடிஞ்ச எடம். இது ஊக்கு."

"ஊக்கா?"

"ரவிக்கையில குத்தியிருந்தது. கழட்ட மறந்துட்டாங்க."

அவள் கை தன் சுடிதார் துப்பட்டாவைக் குத்தியிருந்த ஊக்கைத் தொட்டுப் பார்த்தது.

"இங்க பாரு. இது இருதயம். இதோட ஓரம் கோடு போட்ட மாதிரி சுத்தமா இருக்குதா? நெறையப் பேருக்கு இப்படி வராது. ஆடிடுவாங்க. மூச்ச இழுத்துப் பிடிங்கன்னு நான் சொன்னா, பயத்துல பாதியில விட்டுடுவாங்க. உங்கம்மா விடல. சொன்னதும் நல்லா ஆழமா இழுத்து, அசையாம பிடிச்சிருக்காங்க. பயப்படல."

"இந்தக் கறுப்பு என்னங்க மேடம்? ரெண்டு பக்கமும்?"

"அது காத்து. காத்து இருக்கற எடம்தான் படத்துல கறுப்பா விழும்." வருடக்கணக்காக இந்த வேலையைச் செய்தும் அதை நான் யாருக்கும் இப்படிச் சொன்னதில்லை. "அது உங்கம்மா இழுத்த மூச்சு. நான் விடுங்கன்னு சொல்றதுக்கு முன்னால எடுத்தது."

வெளிச்சப் பெட்டியின் டியூப் லைட் ரீங்காரம் மட்டும் கேட்டது. அவள் நெஞ்சு மேலே ஏறி அப்படியே நின்றிருந்ததை நான் கவனித்தேன். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு மூச்சை விட்டாள்.

"எலும்பு எலும்புன்னே பாத்துட்டேன்" என்றாள்.

போகும்போது பிலிமைச் சுருட்டவில்லை. பெரிய உறை ஒன்று கேட்டு வாங்கி, மடங்காமல் வைத்து எடுத்துப் போனாள்.

தை அமாவாசைக்கு முந்தின நாள் அவர் போன் செய்தார். மகள் பிலிமை ஆற்றில் விடக்கூடாது என்கிறாளாம். வீட்டில் ஒரே சண்டை. "எலும்பு தண்ணிக்குப் போகாம எத்தன வருசம் மிஸி அவ அலையறது? நீங்க வந்து புள்ளைக்குச் சொல்லுங்க. அவள அந்த வருசத்துல பாத்தவங்கள்ல நீங்களும் ஒருத்தர்." என்னால் மறுக்க முடியவில்லை. காலை முதல் பஸ்ஸில் அவர்களோடு கீழே இறங்கினேன்.

ஆற்றங்கரையில் கூட்டம். எள்ளும் தர்ப்பையும் ஈரத் துணியுமாக வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு வாய்த்த புரோகிதர் இளைஞர். அஸ்தி எங்கே என்று கேட்டதற்கு இவர் உறையிலிருந்து பிலிமை எடுத்து நீட்டினார். புரோகிதர் அதை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, சட்டென்று கீழே இறக்கினார்.

"என்னங்க இது?"

"என் வீட்டு ஆளோட எலும்புங்க. மத்தது ஓடையோட போயிருச்சு."

புரோகிதர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் வாழை இலையில் அரிசியும் எள்ளும் வைத்து, பிலிமை அதன் பக்கத்தில் கிடத்தி, எல்லோருக்கும் செய்வது போலவே செய்தார். கடைசியில் மட்டும் தயங்கினார். "இது பிளாஸ்டிக்குங்க. ஆத்துல விடக்கூடாது. முக்கி எடுத்துருங்க, போதும்" என்றார்.

"தண்ணியில கெட்டுப்போயிராதா மேடம்?" என்று மகள் என் கையைப் பிடித்தாள்.

"கெடாது கண்ணு. எடுத்த அன்னிக்கே டார்க் ரூம்ல தண்ணியில அலசித்தான் அதக் காய வெச்சோம்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் போனார். பிலிமை இரண்டு கையாலும் பிடித்து மூன்று முறை முக்கினார். மூன்றாவது முறை கையை வெளியே எடுத்தபோது கையில் பிலிம் இல்லை. விட்டுவிட்டார். தெரிந்தேதான் விட்டார்.

அது உடனே மூழ்கவில்லை. தண்ணீர்மேல் படுத்தபடி மெல்லச் சுற்றிக்கொண்டு போயிற்று. அதன்மேல் வெயில் பட்டுக் கண் கூசியது. கொஞ்ச தூரத்தில் ஒரு பாறையோடு ஒட்டி நின்றுவிட்டது. அவர் அதைத் தள்ளிவிடப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் செருப்போடு ஆற்றுக்குள் இறங்கினாள். பாறையைப் பிடித்துக்கொண்டு, பிலிமின் ஓரத்தைப் பிடித்து எடுத்து, தலைக்குமேல் தூக்கிக்கொண்டு திரும்பினாள். தண்ணீர் சொட்டச் சொட்ட அவளுடைய அம்மாவின் நெஞ்சுக்குள்ளிருந்து வெயில் வந்தது.

அப்பாவின் எதிரே வந்து நின்றாள். அடிப்பாரோ என்றுகூட எனக்குப் பயம். அவர் அவள் தலையில் கையை வைத்தார்.

"செய்ய வேண்டியத செஞ்சாச்சு. நீ வச்சுக்கிறதுன்னா வச்சுக்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டோம். அவர் இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மகள் துப்பட்டாவால் பிலிமைத் துடைத்து, உறைக்குள் வைத்து, திருப்பூர் பஸ் ஏறினாள். நானும் அவரும் கோத்தகிரி பஸ்ஸில் திரும்பினோம். வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்பக் காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. பாதி வழியில் அவராகவே பேச ஆரம்பித்தார்.

அந்த மழைக்குப் பிறகு, பேக்டரியிலிருந்து இறங்கும்போதெல்லாம் மனைவியின் குரல் கேட்கிறதாம். கொழுந்தெடுக்கும் பெண்கள் பனியில் ஒருவருக்கொருவர் இருக்கும் இடம் தெரிய 'ஓ' என்று குரல் கொடுப்பார்கள். அதுபோல. கீழ் லயம் இருந்த பக்கமிருந்து. இவர் பதிலுக்குக் குரல் கொடுப்பாராம். யாரிடமும் சொன்னதில்லை. பைத்தியம் என்பார்கள்.

"இனிக் கேக்காதில்ல மிஸி?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோவை வண்டி அந்த வாரமே வந்து மிச்சப் பிலிம்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. போன மாதம் முட்டிவலிக்கு மருந்து வாங்க அவர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். மகள் பிலிமைத் தன் ரூம் அலமாரியில் வைத்திருக்கிறாளாம். கூடத் தங்கியிருக்கும் பெண்களுக்குக் காட்டுவாளாம். நான் கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"இப்பவும் சத்தம் கேக்குதுங்களா?"

மருந்துச் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"கேக்குது மிஸி. ஆனா இப்ப என்னயக் கூப்புடற மாதிரி இல்ல. அங்க வேற யாரோடயோ பேசிக்கிட்டே வேல செய்யிற மாதிரி இருக்கு. நான் பதில் குடுக்கிறதில்ல. நின்னு கேட்டுட்டு வீட்டுக்குப் போயிருவேன்."